தையல் அறையில் ஒரு துளை

நூல் வாங்கப் போன அக்கா திரும்பி வந்து, தன் தையல் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளைக் கல்யாண கவுன் முழுக்கச் செங்கல் தூள். சுவரில் துளை போட்டு, கூடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து மெல்லிய ஃபைபர் கேபிளைத் தன் அறை ஸ்பீக்கருக்கு இழுத்துக்கொண்டிருந்தான் தம்பி.

"யாரைக் கேட்டுடா சுவரை உடைச்ச?"

"சாதா ஒயர்னா கரண்ட் இரைச்சல் பாட்டுல கலந்துடும்க்கா. இது கண்ணாடி இழை. வெளிச்சம் மட்டும்தான் போகும், பாட்டு சுத்தமா கேக்கும்."

"உன் பாட்டு சுத்தமா இருக்க, என் துணி நாசமாப் போகணுமா?"

"தட்டினாப் போயிடும்க்கா. அப்புறம், நான் பாட்டு கேக்கறப்ப மட்டும் உன் மிஷினை நிறுத்திக்கிறியா?"

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. கேபிளைத் துளையிலிருந்து உருவி அவன் கையில் திணித்தாள்.

"வராந்தா வழியா சுத்திக் கொண்டு போ. முதல்ல இந்தத் துளையை அடை!"

அவன் முணுமுணுத்துக்கொண்டே சிமெண்ட் குழைத்துப் பூசினான். அவள் கவுனை உதறி, மடிப்பு மடிப்பாகத் துடைத்தாள். இடுப்புப் பட்டியில் படிந்த கறை மட்டும் போகவே இல்லை. கத்தரிக்கோலை அவன் முன்னால் வைத்தாள்.

"உட்காரு. வேற பட்டி வெச்சுத் தைக்கணும். இந்தத் தையல் எல்லாத்தையும் நீயே பிரி."

அவன் உட்கார்ந்து பிரித்தான். அன்று வீட்டில் பாட்டு ஒலிக்கவில்லை.