மாசிக் குஞ்சு

ஆரணன் புறா வளர்க்கத் தொடங்கியதற்குக் காரணம் பாசமல்ல, ஒரு படிவத்தின் பதினோராவது கேள்வி. "கிராமத்தின் எந்தச் சங்கங்களில் உறுப்பினராக இருக்கிறீர்கள்?" அவன் ஃப்ரிபூர்க் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இருபத்து நான்கு வருடமும் ஒரே கிராமத்தில் குடியிருந்தவன். கையில் இருந்ததோ, இரண்டே முறை பார்த்த இலங்கையின் கடவுச்சீட்டு. போன வருடம் சுவிஸ் குடியுரிமை கேட்டபோது அந்தக் கேள்விக்கு நேரே ஒரு கோடு கிழித்திருந்தான். குடியுரிமைக் குழு அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தது. விண்ணப்பதாரருக்குக் கிராமத்தில் பற்று இல்லை என்று எழுதி, பற்று வருவதற்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தது.

கிராமத்தில் நாலு சங்கங்கள். பாட்டுச் சங்கத்துக்கு அவனுடைய குரல் விடவில்லை. துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு அம்மா சிவகலா விடவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ இஞ்ச காசு கட்டிச் சுடப் போறியோ?" தேகப்பயிற்சிச் சங்கத்தில் முதல் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டது. மிஞ்சியது சிறுபிராணி வளர்ப்போர் சங்கம்.

சங்கத் தலைவர் ரூக்செகர் ஒரு சோடி கர்ணப்புறாக்களைத் தந்தார். பறந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து அடித்து விழுந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏறும் சாதி. ஏன் அப்படிச் செய்கின்றன என்று ஆரணன் கேட்டான். "யாருக்கும் தெரியாது," என்றார் தலைவர். அந்தக் கிராமத்தில் அவனுக்குப் பிடித்த முதலாவது பதில் அது.

பிறகு கடிதம் வந்தது. இரண்டாம் நேர்காணல் மாசி பதினெட்டு, மாலை மூன்றரை. ஆரணன் நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணினான். முட்டையிடப் பத்து நாள், அடைகாக்கப் பதினெட்டு நாள், குஞ்சு குஞ்சுபோலத் தெரியப் பத்து நாள். குழுவின் முன்னால் கைபேசியில் குஞ்சுப் படம் காட்டுவதென்றால், தை பிறந்த கையோடு சோடி சேர்த்தாக வேண்டும்.

"பங்குனிக்கு முதல் இங்கே யாரும் சோடி சேர்ப்பதில்லை," என்றார் ரூக்செகர். "குளிர்."

குளிரப்போவது தனக்கல்ல என்பதால் ஆரணன் துணிந்தான்.

அம்மா சிரித்தாள். "ஊரில கலியாணத்துக்குச் சாத்திரி நாள் வைப்பார். உன்ர புறாவுக்குக் கந்தோர் நாள் வைக்குது."

ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சித்திரை முதலாம் திகதி சூரிச்சில் வேலை காத்திருந்தது. அங்கே லங்ஸ்ட்ராசத் தெருப் பக்கம், காதலி லக்சாயினியின் வீட்டில் அவனுக்கென்று ஒரு அலுமாரியில் பாதி ஒதுக்கப்பட்டிருந்தது. குழுவின் முடிவு வருமுன் கிராமத்தை விட்டு வெளியேறினால் கோப்பு மூடப்படும், மறுபடி முதலிலிருந்து. ஆகவே கிராமத்தை விட்டுப் போவதற்காகவே அவன் கிராமத்தின் மேல் பற்று வளர்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு குஞ்சுகளும் கணக்குத் தப்பாமல் பொரித்தன. எட்டாம் நாள் ரூக்செகர் வந்து ஒவ்வொன்றின் காலிலும் அலுமினிய வளையம் மாட்டினார். அதில் வருடம், இலக்கம், சுவிஸ் நாட்டைக் குறிக்கும் CH என்ற இரண்டு எழுத்து. இனி ஆயுளுக்கும் கழற்ற முடியாது. ஆரணன் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தான். எட்டே நாள். நேர்காணல்கூட இல்லை.

பதினெட்டாம் திகதி காலை, பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகை. தோட்டத் துண்டின் கடைசியில், புறாக்கள் இருந்த மரக்குடிலுக்கு மின்சாரம் கிடையாது. கதவைத் திறந்தபோது பெட்டை எதிர்மூலையில் வேறு கூட்டில் உட்கார்ந்திருந்தது. அடுத்த முட்டைகள். சேவல் அதற்குக் காவல். பழைய கூட்டுச் சட்டியில், இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகளில் ஒன்று விறைத்துப்போயிருந்தது. அதைக் கையில் எடுத்தான். கல்லைப்போல, ஆனால் கல்லைவிட இலேசாக இருந்தது. பங்குனியில் சோடி சேர்த்திருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும். இந்தக் கணக்கை அவன் முன்பு போட்டுப் பார்க்கவில்லை.

மற்றதன் தொண்டைப் பை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மேற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

"அதுகும் ஒரு தாயோ?" என்றாள் அம்மா.

"அடுத்ததுக்கு ஆயத்தமாப் போட்டுதம்மா. சங்கத்தில ஒருத்தரிட்டயும் இப்ப குஞ்சில்லை, வேற சோடிக்குக் கீழ வைக்கவும் ஏலாது. நான்தான் வாயில தீத்தோணும்."

"எத்தினை தரம்?"

"மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா."

அம்மா பட்டாணியை வெந்நீரில் ஊறப் போட்டாள். "உனக்கே நான் இப்பிடித் தீத்தேல்லை," என்றபடி தன் கம்பளிக் காலுறை ஒன்றைக் கொடுத்தாள். குஞ்சு அதற்குள் போனது. காலுறை அவனுடைய நேர்காணல் கோட்டுக்குள் போனது.

கிராம அலுவலகக் கந்தோரில் குழுவின் மூன்று பேர் இருந்தார்கள். தலைவி திருமதி ஸ்பின்டன், இரு பக்கமும் பெயர்ப்பலகை வைத்த இரண்டு ஆண்கள். கிராமத்தின் ஓடை எங்கே பிறக்கிறது என்று ஜெர்மனில் கேட்டார்கள். சொன்னான். குப்பையை எந்தக் கிழமை வைப்பது என்று கேட்டார்கள். சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் நெஞ்சு கீச்சிட்டது.

"அது என்ன?" என்றார் திருமதி ஸ்பின்டன்.

காலுறையை மேசையில் வைத்தான். பாதி உரித்த கோழிக்குக் கோபம் வந்ததுபோல ஒரு தலை வெளியே வந்து மூவரையும் பார்த்தது.

மாடு வளர்க்கும் குடும்பத்தவரான திருமதி ஸ்பின்டனின் முகம் மாறியது. "மாசியிலா? எந்த முட்டாள் மாசியில் குஞ்சு பொரிக்க வைப்பான்?"

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். ஆனால் மற்றதன் குளிர் இன்னும் உள்ளங்கையில் இருந்தது. "உங்களுக்காகத்தான். கடிதத்தில் திகதி இருந்தது. பின்னோக்கி எண்ணினேன். இரண்டு பொரித்தது. ஒன்று காலையில் செத்துப்போனது."

வலப்பக்கத்தவர் மெதுவாகக் கேட்டார். "நீங்கள் எண்ணிய அதே நாளில் பொரித்ததா?"

"அதே நாள்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். மதிப்போடு என்றே தோன்றியது.

"இது எப்போது கர்ணம் அடிக்கும்?" என்றார் இடப்பக்கத்தவர்.

"அடித்தால், ஆவணியில்."

"ஆவணியில் நீங்கள் இங்கே இருப்பீர்களா?" என்றார் திருமதி ஸ்பின்டன். "பாஸ்போர்ட் கிடைத்ததும் எல்லாரும் சூரிச்சுக்குப் போய்விடுகிறார்கள்."

இந்தக் கேள்விக்கான பொய்யை அவன் மூன்று வாரமாகக் கண்ணாடி முன் பழகியிருந்தான். "இங்கேதான் இருப்பேன்," என்றான். குஞ்சு அவனுடைய விரலைப் பிடித்து உறிஞ்சியது. சொல்லி முடித்த பிறகுதான் அது பொய்யில்லை என்று தெரிந்தது.

"நல்லது. முடிவை ஆவணியில் எடுப்போம். பறப்பதைப் பார்க்க மூவரும் வருவோம்."

"கர்ணம் அடிக்காவிட்டால்?"

"பார்ப்போம்," என்று அவர் கோப்பை மூடினார்.

வெளியே காற்று. பேருந்துத் தரிப்பின் கண்ணாடிக் கூரைக்குள் ஒதுங்கி, லக்சாயினிக்குப் போன் எடுத்தான்.

"கிடைச்சதோ?"

"ஆவணியில சொல்லுவினமாம்."

"வேலை சித்திரையிலயெல்லோ?"

"ஓம்."

"ஆரணன், உன்னை ஒரு புறா பிடிச்சு வச்சிருக்கெண்டு நான் இஞ்ச ஆருக்குச் சொல்லுறது?"

"குஞ்சு," என்று திருத்தினான். அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு நாற்பத்தேழுப் பேருந்து நாலு நாற்பத்தேழுக்கு வந்தது. ரயில் நிலையத்தில் சூரிச் ரயில் அந்தப் பேருந்துக்காகக் காத்து நிற்கும். கதவு திறந்தது. வெப்பக் காற்று அவன் முகத்தில் அடித்தது.

"ஏறுகிறீர்களா?" என்றார் சாரதி.

ஆரணன் ஒரு பட்டாணியை விரல் நுனியில் வைத்து அலகைத் திறந்துகொண்டிருந்தான். "இல்லை. காற்றுக்கு ஒதுங்கி நிற்கிறேன்."

சாரதி அரை நிமிடம் காத்திருந்தார், ஒருவேளை மனம் மாறுமோ என்று. பிறகு கதவை மூடினார்.