தேவையற்றதை அடிக்கவும்

வேட்பு மனு வாங்கும் அறையில் இருந்தது ஒரே ஒரு பேனா. அதையும் மேஜைக் காலோடு நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள் குமாஸ்தா. நாட்டை ஆள வருகிறவர்கள் எல்லாரும் பேனாவை மறதியாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகிறவர்கள் என்பது பதினெட்டு வருட சர்வீஸில் அவள் கண்டுபிடித்த உண்மை.

கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு விளக்கு ஐயா வந்தார். பட்டப்பகலில் எரிகிற விளக்கைக் கையில் பிடித்தபடி தெருத்தெருவாக ஓட்டுக் கேட்பதால் அவருக்கு அந்தப் பெயர். ‘கடவுளுக்குப் பயந்தவன் கையில் ஊரைக் கொடு’ என்று சுவர் ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். எதிர்த்து நிற்கிறவர் கும்பிடாதவர் என்பதுதான் அவருடைய மொத்தப் பிரசாரமும். ரோடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கூட வந்த கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அதிகாரி, குமாஸ்தா, விளக்கு ஐயா மூன்று பேர்தான்.

மனுவோடு உறுதிமொழித் தாள் ஒன்று உண்டு. மத வேற்றுமை பாராமல், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, எல்லாரையும் சமமாக நடத்துவேன் என்பது அதன் சாரம். அதற்கு மேலே இரண்டு வரிகள் அச்சடித்திருக்கும். ‘கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன்’ என்று ஒன்று. ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று இன்னொன்று. பக்கத்தில் பொடி எழுத்தில், தேவையற்றதை அடிக்கவும். கும்பிடுகிறவர் இரண்டாவதை அடிப்பார், கும்பிடாதவர் முதலாவதை அடிப்பார். அதற்கு மேல் யாருடைய பக்தியையும் அரசாங்கம் கிளறுவதில்லை. அவளுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். அவள் தினமும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறவள்தான், ஆனால் அது வீட்டோடு சரி.

விளக்கு ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவை நூலோடு இழுத்தார். நிதானமாக, ஸ்கேல் வைத்த மாதிரி, முதல் வரியை அடித்தார்.

“ஐயா, மேல் வரிய அடிச்சிட்டீங்க,” என்றாள் அவள்.

“தெரியும்மா.”

தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். நாலு தெருவுக்குக் கேட்கிற அந்த மேடைக் குரல் இன்று மேஜையைத் தாண்டவில்லை. அதிகாரி ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது; காது கேட்பதையும் கண் தெரிவதையும் மட்டும் மனிதர் இப்போதே நிறுத்திவிட்டார். வாசித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, டீ குடிக்கப் போய்விட்டார்.

விளக்கு ஐயா எழுந்திருக்கவில்லை.

“இதோட நகலை எப்பம்மா வெளிய ஒட்டுவீங்க?”

“மூணு மணிக்குங்கய்யா. நிக்கிறவங்க எல்லாரோடதும் போர்டுல ஒட்டணும்.”

“எனக்கு ஒரு உதவி பண்ணணும் தங்கச்சி.” அம்மா தங்கச்சியானதுமே அவள் பேனா நூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இன்னொரு தாள்ல நான் கையெழுத்து மட்டும் போட்டுத் தரேன். ரெண்டாவது வரிய நீங்க அடிச்சிடுங்க. அதை வெளிய ஒட்டுங்க. இது ஃபைலுக்குள்ள கிடக்கட்டும், யார் பிரிச்சுப் பாக்கப் போறாங்க?”

“ஒரு கோடு போடுறதுக்கு என்னங்கய்யா, நீங்களே போட்டா ஆச்சு.”

“நான் போட மாட்டேன்.”

“ஏங்கய்யா?”

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க கும்பிடுறவங்கதானே? அப்ப உங்களுக்குப் புரியும். எல்லாரையும் ஒரே கண்ணால பாப்பேன்னு இதுல எழுதியிருக்கு. நான் பாக்கப் போறதில்ல. எந்தத் தெருவுல யார் இருக்கணும், யார் காலி பண்ணணும், எல்லாம் முடிவாயிடுச்சு. மனுஷங்ககிட்ட ஆயிரம் சொல்லலாம். அவர் பேரைச் சொல்லி எப்படிம்மா பொய் சொல்றது? எனக்கு நிஜமாவே பயம்.”

அவரை வேஷக்காரர் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வேஷமாக இருந்திருந்தால் உள்ளுக்குள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இந்த மனிதர் பயப்படுகிறார், பயந்துகொண்டே செய்யப் போகிறார். செய்யப்போவது அவர், பொய்யை மட்டும் அவள் கையால் எழுத வேண்டுமாம். அவள் தாளை ஃபைலுக்குள் வைத்து மூடினாள்.

“முடியாதுங்கய்யா. தப்பா நினைச்சுக்காதீங்க.”

“சேச்சே, நான் ஏன் நினைக்கிறேன்?” எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “உங்க வீட்டுக்காரர் டெய்லர்தானே? மார்க்கெட் தெரு முனைக் கடை. நம்ம ஆளு இல்லன்னு சொன்னாங்க. விளக்கு ஸ்டிக்கர்கூட இன்னும் ஒட்டலையாமே? ஒட்டச் சொல்லுங்க தங்கச்சி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் வேறு மதம், அவள் புருஷன் வேறு மதம். கல்யாணத்தன்று இரண்டு வீடும் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருடம் அவர் கும்பிடு முன்னறையில், இவள் கும்பிடு பின்னறையில் என்று ஒரு சண்டை சச்சரவு கிடையாது. சண்டையெல்லாம் குழம்பில் உப்பு, கட்டிலில் ஈரத்துண்டு பற்றித்தான். இரண்டு மாதமாகத்தான் மார்க்கெட் தெருவில் கடை கடையாக விளக்குப் படம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒட்டாத கடையில் ஆள் ஏறுவதில்லை. வருடக் கணக்காகத் தைத்துக்கொண்டவர்கள்கூட, அளவெடுத்துக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போனதுதான் புருஷனுக்கு ஆறவில்லை.

மூன்று மணிக்கு அவள் பசையைத் தடவி, அடித்த வரி நன்றாகத் தெரியும்படி நகலை ஒட்டினாள். வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

“நீ போட்ட கோடு இல்லையே, அப்புறம் என்ன?” என்றார் புருஷன். “ஸ்டிக்கர் வேணா ஒட்டிடவா? ஒட்டினா எனக்கும் பக்தி பொத்துக்கிட்டு வருமில்ல?”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டு.”

“அழவா சொல்ற?” என்று கேட்டுவிட்டு அவர் அவள் கையைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அந்தத் தாளை யாரும் சீண்டவில்லை. அரசாங்க போர்டை நின்று படிக்கிற பொறுமை எவனுக்கு இருக்கிறது? மூன்றாம் நாள் காலைப் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: கடவுள் பெயரை அடித்தார் விளக்கு ஐயா. கூடவே தாளின் படம். அவள் மனசு ஒரு குதி குதித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மனிதரின் கதை முடிந்தது, ஊர் பிழைத்தது என்றே நினைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய வேன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது.

“ஐயா கடவுள் பேரை அடிப்பாரா? நீங்க நம்புறீங்களா? அந்தப் பேனா யார் மேஜையில கட்டியிருக்கு? அந்தக் கை யாரோட பொண்டாட்டி கை? மார்க்கெட் தெருவுல போய்க் கேளுங்க!”

அவள் அதிகாரியின் அறைக்கு ஓடினாள். “சார், நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அவர் வாசிச்சதக் கேட்டீங்கல்ல?”

“ஏதோ வாசிச்சாரும்மா. என்ன வாசிச்சார்னு நான் கவனிக்கல.”

“கோடு அவர்தான் சார் போட்டாரு!”

“எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே மை. நான் எதை வச்சுச் சொல்றது?” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மரத்தைப் பார்த்தார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் சீலைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது. எறிய நேரமில்லை.

மார்க்கெட் தெருவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. விளக்கு ஒட்டிய கடைகள் எல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. முனைக் கடையைச் சுற்றி முந்நூறு பேராவது இருப்பார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. புருஷன் மெஷினில் உட்கார்ந்து ஒரு நீலச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கிளம்புங்க,” என்றாள் மூச்சு வாங்க.

“எழுந்தா ஓடுறான்னு சொல்வாங்க. நீ உள்ள வா.”

கூட்டம் வழி விட்டது. எரிகிற விளக்கோடு ஐயா வந்தார். “யாரும் கை வைக்கக் கூடாது,” என்றார், பெரிய மனசு பண்ணி. “தப்பு நடந்துபோச்சு. அந்தம்மா ஒத்துக்கிட்டாப் போதும், நாம போயிடுவோம்.”

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கதவைச் சாத்தி அவர் சொன்ன ரகசியம். இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான், அவரும் அவளும் அவள் புருஷனும். அவள் படியில் ஏறி நின்றாள்.

“ஒத்துக்கிறேங்கய்யா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கடவுள் பேரால ஆணையிட்டு, கோடு போட்டது நீங்க இல்ல, இந்தம்மாதான்னு சொல்லிடுங்க.”

மெஷின் சத்தம் நின்றது. ஐயாவின் உதடு உலர்ந்துபோனது. கையிலிருந்த விளக்கின் சுடர் நடுங்கியது. அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே முகம். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

“சொல்லுங்கய்யா!” என்றது ஒரு குரல். பிறகு பத்து, நூறு. “இதுக்கு என்ன யோசனை, சொல்லுங்கய்யா!”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு தரம் மேலே பார்த்தார். அப்புறம், அந்த அறையில் வாசித்த சின்னக் குரலில் சொன்னார். “கடவுள் பேரால ஆணையிட்டுச் சொல்றேன். கோடு போட்டது இந்தம்மா.”

சொல்லிவிட்டுக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். முதுகில் அடி விழப்போகிறது என்று காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். அவளும் காத்திருந்தாள், வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேண்டிக்கொண்டே காத்திருந்தாள். எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

கழுத்து மெதுவாக வெளியே வந்தது. முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு ஒரு நிம்மதி. எத்தனையோ வருடமாக முதுகில் இருந்த சுமை இறங்கிவிட்டது போலத் தோள்கள் அகன்றன. அதையே இன்னொரு முறை சொன்னார், இந்த முறை நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரி. விளக்கைப் பிடித்த கை நடுங்கவே இல்லை.

இந்த ஊருக்கும் அந்த மனிதருக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு பயம்தான். அதை அவளே போக்கிவிட்டாள்.

அவர் அவளைப் பார்த்து, நன்றி சொல்கிறவர் போலத் தலையை அசைத்தார். விளக்கைப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். விளக்கை வாங்கியவன் கடைக்குள் எட்டிப் பார்த்தான். தரையிலும் அலமாரியிலும் கொடியிலும் துணிதான்.

“ஏங்க,” என்றாள் அவள், “எழுந்திரிங்க.”