கூட்டத்தில் ஒரு முதுகு

மெரினா மணலில் லோகாம்பாள் யாரோ ஒரு பையனின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். சுண்டல் பொட்டலத்தோடு திரும்பியவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. "இன்னாம்மா?" என்றான். "ஒண்ணுமில்லப்பா, எம்புள்ளைனு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த முதுகைத் தேடிப் போனாள். வெட்கமெல்லாம் வந்த புதிதில் இருந்ததோடு சரி.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிறதே ஒரு தீவு, அங்கேதான் அவள் வீடு. மகன் கவியரசன் ஐப்பசியில் ஒரு நாள் தனியாகக் கடலுக்குப் போனான். புயல் ஓய்ந்தபின் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு அவளால் அங்கே இருக்க முடியவில்லை. கரை முழுக்க வெறும் மணல். நண்டு ஓடிய தடம் தவிர வேறு தடமில்லை. யார் வந்தாலும் வெகு தூரத்திலேயே யாரென்று தெரிந்துவிடும். வருகிறவன் அவனில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் ஆவி உலவும் என்பார்கள். சும்மா சொல்கிறார்கள். அங்கே அவன் ஒரு நாளும் வரவில்லை.

மகள் தேவதர்ஷினி வாழ்க்கைப்பட்ட, மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்துக்கு இவள் வந்த பிறகுதான் வந்தான். பஜ்ஜிக் கடையருகே, குதிரைக்காரன் பின்னால், பலூன் சுடுகிற கூட்டத்தில், இடது தோள் லேசாக இறங்கிய அந்த நடை. முகம் திரும்பும்வரை அவனேதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே சாயங்காலமானால் மணலுக்கு வந்துவிடுகிறாள்.

அன்று கணவன் சடையன் தீவிலிருந்து வந்திருந்தான். அமாவாசையன்று மகனுக்குக் கருமாதி என்று ஊரில் பேசி முடித்தாயிற்று. பெற்றவள் இல்லாமல் எப்படி, கூட்டிப்போக வந்தான். அவளருகே உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இன்னாமே இந்தக் கூச்சல்? மனுசன் இருப்பானா இங்க? நம்ம கரையில காத்து வீசுறதுகூட காதுல வுழும்."

"அங்க காத்து மட்டும்தான்யா வுழுது."

"பொணம் கெடைக்கலனா இன்னா, புள்ள போயிட்டான். எத்தினி நாளு அலைவான்? செய்றத செஞ்சு அனுப்பிடணும்."

"அனுப்பிட்டா அப்பால வருவானா?"

சடையனும் அழுதவன்தான், வலையைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டு அழுதவன். "காலையில மொத ரயிலுக்குக் கெளம்பணும்" என்று மட்டும் சொன்னான். போகத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போனால் மகன் செத்துவிடுவான்.

சடையன் எழுந்து கைலியில் ஒட்டிய மணலைத் தட்டினான். தட்டிய கை அப்படியே நின்றது. அவன் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள். அலையோரமாக ஒரு நீலச் சட்டை போய்க்கொண்டிருந்தது, இடது தோள் லேசாக இறங்கி.

"ஒரு நிமிசம் இரு" என்றான் சடையன். செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தான். பிறகு ஓடினான்.

அது சோளம் சுட்டு விற்கிற பையன். நேற்றுத்தான் லோகாம்பாள் அவனைத் திருப்பிப் பார்த்திருந்தாள். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சடையனின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நடுவே அவன் கை அந்தத் தோளை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.