கதவு வரைக்கும் போனவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பளத்துச் சொல்தா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஹரிகிருஷ்ணன், வயது ஐம்பத்தைந்து, பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்; அப்படித் திரும்பியவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவர் மனைவி வசந்தா, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், வீட்டுக்கு வரும் காகிதங்களை எல்லாம் படிப்பவள், அதிகம் பேசாதவள். அஞ்சலாட்சி, நாற்பத்தொரு வயது, பிறந்தது குருசுக்குப்பம், நாலு வீடு தள்ளித் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருப்பவள். கலைச்செல்வன், முதலியார்பேட்டைக்காரன், விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொடுக்கும் முகாமில் பயிற்சியாளன். ஐந்தாவதாகச் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டு சிறகு விரித்த பாராசூட் பேட்ஜ். அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் முடிவெடுத்தது அதுதான்.

அஞ்சலாட்சிக்குக் குதிக்கிற ஆசை எங்கிருந்து வந்தது என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன விரக்தி என்றுகூடச் சொன்னார்கள். விஷயம் அவ்வளவு பெரிதல்ல. போன வருடம், படகில் கட்டி ஆளைப் பறக்கவிடுகிறார்களே, அந்தப் பாராசூட் ஒன்று கிழிந்து அவள் கடைக்கு வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். தைத்தது நிற்கிறதா என்று பார்க்கக் கடற்கரைக்குப் போனாள். நின்றது. பெங்களூர்க்காரன் ஒருவன் அதன் கீழே தொங்கிக்கொண்டு கையசைத்தான்.

"என் தையலுக்குக் கீழ எவனோ தொங்குறான். நான் மணல்ல நின்னு அண்ணாந்து பாத்துக்கினு இருக்கேன். வயித்தெரிச்சலா இருந்துதுண்ணே" என்று மறுநாள் ஹரிகிருஷ்ணனிடம் வந்து சொன்னாள். அவரிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. உப்பளத்தில் பாராசூட்டைப் பற்றிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஜூலை பதினான்கும், பிரெஞ்சு தேசிய தினத்தன்று, அவர் அந்தச் சிறகைக் கோட்டில் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பதைத் தெருவே பார்த்திருக்கிறது.

கலைச்செல்வனைத் தேடிப் பிடித்தது அவள்தான். கர்நாடக எல்லைக்கு அப்பால் ஒரு பழைய ஓடுதளத்தில் முகாம். வாரம் ஆறு நாள் அங்கே இருப்பான், ஒரு நாள் வீட்டுக்கு வருவான். "எங்கண்ணன் வீட்ல வந்து சொல்லுப்பா, அவருக்குத்தான் புரியும்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கலைச்செல்வன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரலை நீட்டினான்.

"மொத வழி டாண்டம்க்கா. என் நெஞ்சோட உங்க முதுகைச் சேத்துக் கட்டிடுவேன். நீங்க கத்துனா போதும், மத்தத நான் பாத்துக்குவேன். ரெண்டாவது ஸ்டாட்டிக் லைன். ரெண்டு நாள் தரையில பயிற்சி. அப்புறம் நாலாயிரம் அடியில நீங்க மட்டும் குதிக்கணும். உங்க முதுகு மூட்டையிலேர்ந்து ஒரு பட்டை போய் பிளேன்ல மாட்டியிருக்கும். நீங்க விழுந்ததும் அதுவே இழுத்துப் பாராசூட்டைத் தொறந்துடும். மூணாவது இன்னும் மேல போயி, ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு புடிச்சிக்கினு வருவோம், நீங்களே இழுத்துத் தொறக்கணும். அது இப்ப வேணாம்."

"அந்தப் பட்டையில என்னா தையல் போட்டிருப்பாங்க?" என்றாள் அஞ்சலாட்சி.

"என்னாக்கா?"

"நேர்த் தையலா, குறுக்க நெடுக்க ஓட்டுனதா?"

கலைச்செல்வன் சிரித்துவிட்டான். "எல்லாரும் செத்துடுவனான்னு கேப்பாங்க. தையலக் கேட்டது நீங்கதான்." போனில் இருந்த படத்தை எடுத்துக் காட்டினான். அவள் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டினாள். துணியைப் பற்றிய பயம் அத்தோடு போய்விட்டது.

"நான் சொல்றது இதான்" என்றான் கலைச்செல்வன். "மொதல்ல டாண்டம் போங்க. துணி, பட்டை எல்லாம் சரியாத்தான் இருக்கும். கதவாண்ட போனதும் நம்ம ஒடம்பு என்னா பண்ணும்னு யாருக்கும் தெரியாது. எமகாதகன்லாம் கம்பியப் புடிச்சிக்கினு நின்னுடுவான். ஒரு தபா ஒருத்தரோட போயிட்டு வந்துட்டா, அப்புறம் தனியாப் போலாம். நின்னுட்டுத் திரும்புறதும் தப்பில்ல." ஹரிகிருஷ்ணன் பக்கம் மரியாதையாகத் திரும்பினான். "சாருக்குத் தெரியும். உங்க ரெஜிமெண்ட்லயும் அந்த மாதிரி பாத்திருப்பீங்க இல்ல சார்?"

கேட்டவன் குத்திக் கேட்கவில்லை. தொழில் தெரிந்த ஒருவன் இன்னொருவனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். வசந்தா காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"எங்க ரெஜிமெண்ட்ல அப்படி ஒருத்தனும் கெடையாது" என்றார் ஹரிகிருஷ்ணன்.

சொன்ன பிறகு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்த வரவில்லை. "டாண்டம்ன்றது கொழந்தைய வயித்துல கட்டிக்கினு பஸ்ல போற மாதிரி. அதுல என்னா கத்துக்குவ? எங்களுக்கு யாரு கட்டிக்கினு குதிச்சாங்க? மொத நாளே பட்டையோடதான். விளக்கு எரியும், தொடையில ஒரு தட்டு தட்டுவான், போயிக்கினே இருக்க வேண்டியதுதான்."

"பயமே இல்லியாண்ணே?"

"பயப்பட நேரம் எங்க இருக்குது?"

அப்புறம் எழுந்து நின்று, காலைச் சேர்த்து வைத்துத் தரையில் எப்படி விழுந்து உருள வேண்டும் என்று காட்டினார். அச்சு அசலாக இருந்தது. கலைச்செல்வனே "ஆர்மி ஆர்மிதான்" என்றான். அதில் பொய் இல்லை. தரைப் பயிற்சி முழுவதையும் ஹரிகிருஷ்ணன் முடித்திருந்தார்.

கலைச்செல்வன் நீட்டிய படிவத்தில் அஞ்சலாட்சி இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். "அண்ணன் போன வழியிலயே போறேன்" என்றாள். கலைச்செல்வன் ஒரு நிமிடம் யோசித்தான். ராணுவத்துக்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் பேசுவது சரியில்லை என்று விட்டுவிட்டான்.

அவள் கிளம்பும்போது ஹரிகிருஷ்ணன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பேட்ஜை எடுத்து அவள் கையில் வைத்தார். "சட்டைக்கு உள்பக்கம் குத்திக்க. வந்து குடு." ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. கொடுத்த கை தயங்கவும் இல்லை.

நடந்தது இதுதான். இருபது வயதில், பிரான்சின் தெற்கே, விமானக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. தொடையில் தட்டினார்கள். ஹரிகிருஷ்ணனின் இரண்டு கையும் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டன. கையை எடுக்கச் சொல்லி அவர் மனசு சொல்லிக்கொண்டேதான் இருந்தது, கை கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். காலி விமானத்தில் அவரும் பயிற்சி சார்ஜெண்டும் மட்டும் இறங்கினார்கள். சார்ஜெண்ட் திட்டவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு சிகரெட் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அதேதான். அதற்குப் பிறகு அவரை யாரும் ஏற்றவில்லை. பதினைந்து வருடமும் சமையற்கட்டில் போயிற்று. உருளைக்கிழங்கு உரித்தார், பிறகு உரிப்பவர்களை மேய்த்தார்.

ஆனால் முதல் முறை ஏறுவதற்கு முந்தின நாளே அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டார், குதித்துவிட்டேன் என்று. மறுநாள் எப்படியும் குதிக்கப்போகிறோம், கடிதம் போய்ச்சேரப் பத்து நாள் ஆகும் என்ற கணக்கு. அந்தக் கடிதத்தை அம்மா தெரு முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்கப்புறம் திரும்ப வழி இல்லை. விடுமுறையில் வந்தபோது, மார்செய் நகரத்தில் பழைய ராணுவச் சாமான் கடையில் வாங்கிய பேட்ஜை மாட்டிக்கொண்டு வந்தார். உண்மையான பேட்ஜின் பின்புறம் அவரவர் எண் வெட்டியிருக்கும். இதில் இல்லை. காந்தி வீதியில் ஒரு வெள்ளிக்கடையில் கொடுத்து ஆறு இலக்கம் வெட்டிக்கொண்டார். அந்த நேரத்துக்கு எந்த எண்ணும் தோன்றவில்லை. கடைசி நாலு இலக்கம், வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரின் எண்.

வசந்தாவுக்கு இது தெரியும். கல்யாணமான நாலாம் வருடம் அவருடைய ராணுவப் பணிப் பதிவுப் புத்தகத்தை ஒரு மதியம் முழுக்கப் படித்தாள். சமையல்காரர் என்று இருந்தது. மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஹரிகிருஷ்ணன் சில நாட்களில் நினைப்பார். அதையும் அவள் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

முகாமுக்கு அஞ்சலாட்சி புதன்கிழமை போனாள். சனிக்கிழமை குதிப்பு. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஹரிகிருஷ்ணன் போனை எடுத்து எடுத்து வைத்தார். எழுதிக்கூடப் பார்த்தார்: 'கலைச்செல்வன் சொன்ன மாதிரி டாண்டம் போ.' காரணம் கேட்பாளே என்று அழித்தார். சனிக்கிழமை காலை, 'நல்லா பண்ணு' என்று அனுப்பினார். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஞாயிறு போய்த் திங்கள் வந்தது, கடை திறக்கவில்லை. செவ்வாய் திறந்தது. அவள் அவர் வீட்டைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள்.

"உக்காரு அஞ்சல."

"இல்லண்ணே, இதக் குடுத்துட்டுப் போலாம்னு." பேட்ஜை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டிருந்தாள். பாராசூட் துணியில் தைத்த பை. பிறகு உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில்.

"குதிக்கலண்ணே."

ஹரிகிருஷ்ணன் பையை வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு நாளும் நான்தான் நல்லாப் பண்ணேன். உருள்றதப் பாத்துட்டு, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. உங்க பேர சொன்னேன். ஏறுனப்பகூட ஒண்ணுமில்ல. பட்டைய மாட்டுனாங்க, நானே இழுத்துப் பாத்தேன். கதவாண்ட போயி ஒரு கால வெளிய வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். அவ்ளோதான். கை வர்ல. எடுக்கறேன் எடுக்கறேன்னு நெனச்சிக்கினே இருக்கேன், அது எடுக்கல." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல. "எனக்குப் பின்னால ஒரு காலேஜ் பொண்ணு. 'எக்ஸ்க்யூஸ் மீ ஆன்ட்டி'ன்னுட்டுப் போயிட்டா."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"கலைச்செல்வன் தம்பி நல்லாத்தான் பேசிச்சு. சாயங்காலம் டாண்டம் போலாம்க்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான்னு. எல்லாருக்கும் எங்க நடக்குது? சும்மா சமாதானத்துக்குச் சொல்றாங்க. நீங்கதான் சொன்னீங்களே, உங்க ரெஜிமெண்ட்லயே ஒருத்தர் கெடையாதுன்னு. நான் அன்னிக்கே பஸ் ஏறிட்டேன்."

"அஞ்சல" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அதுக்குத்தான் வந்தேன்." இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "அந்த எடத்துல நின்னப்ப உங்களுக்கு என்னா தோணுச்சு? மறைக்காமச் சொல்லுங்க. கொஞ்சங்கூடக் கையி இறுகலியா?"

இரண்டே வார்த்தைதான். எனக்கும் அப்படித்தான். அதைச் சொன்னால் அவள் அழக்கூடும், சிரிக்கக்கூடும், தெருவில் போய்ச் சொல்லக்கூடும். எது நடந்தாலும் அடுத்த மாதம் கலைச்செல்வனின் நெஞ்சில் கட்டிக்கொண்டு அவள் குதித்துவிடுவாள். இவ்வளவும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாய் திறந்தது. வரப்போகிற ஜூலையில் கோட்டில் வெறும் இடமாக இருக்கப்போகிற ஓர் அங்குலமும் தெரிந்தது.

"பழக்கம்தான்" என்றார். "ஒண்ணும் தோணாது."

அவள் தலையாட்டினாள். பட்டையின் தையலைப் பார்த்துத் தலையாட்டினாளே, அதே மாதிரி. சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"சில பேருக்குத்தான் வரும்போல. நான் மிஷின்ல உக்கார்ற ஜாதி." எழுந்தாள். "பாராசூட்டுக்காரன் நேத்து இன்னொரு துணி கொண்ணாந்தான். வேற எடம் பாத்துக்கப்பான்னு அனுப்பிட்டேன். அத மடியில போட்டுக்கினு என்னால ஒக்கார முடியாது." படி வரை போனவள் திரும்பினாள். "அந்த பேட்ஜ் நம்பர மனப்பாடமே பண்ணிட்டேன்ணே, பிளேன்ல. கடசி நாலு நம்பர்தான உங்க பழைய ஸ்கூட்டர்ல இருந்தது? வண்டிக்கும் அதையே கேட்டு வாங்கியிருக்கீங்க பாருங்க. எனக்கும் அப்படி ஒண்ணு இருந்திருந்தா நானும் வாங்கியிருப்பேன்."

ஹரிகிருஷ்ணன் அதற்கும் தலையாட்டினார்.

அவள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வார் அறுந்திருந்தது போல. அதைச் சரிசெய்ய நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். ஒரு கை தாழ்ப்பாளில் இருந்தது, இன்னொரு கையில் துணிப்பை. தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல், படியிறங்கித் தெருவுக்குப் போனாள்.

"ஏங்க" என்றாள் வசந்தா உள்ளே இருந்து. நிறைய நேரம் கழித்து மீதியைச் சொன்னாள். "கொசு வருது. சாத்திட்டு வாங்க."

அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். பிறகு சாவியையும் திருகினார்.