நாற்பத்தொன்றாம் பக்கம்

“நீ எந்த டிபார்ட்மென்ட்?” என்று நோட்ஸக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள்.

சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில், பின்பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பொருளாதாரம் இரண்டாம் ஆண்டுக் குறிப்புக் கட்டுக்குச் சுருள் கம்பி கோத்துக்கொண்டிருந்தேன். கோக்கிற சாக்கில் படித்துக்கொண்டும் இருந்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகப் பாடத்தில் மூக்கை நுழைத்து உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னாலிருந்து சித்தப்பாதான் பதில் சொன்னார்.

“அவளா? அவ எல்லா டிபார்ட்மென்ட்டும்தான். காலையில சட்டம், மத்தியானம் நர்சிங், சாயங்காலம் புள்ளியியல். பரீட்சைதான் எழுத மாட்டா.”

கடையில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நோட்ஸக்கா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கட்டை எட்டிப் பார்த்து, “அந்தச் சாப்டர் எனக்கும் புரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கடை பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. சுவர் முழுக்க அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு துறை. யாராவது நல்ல குறிப்பு கொண்டுவந்தால் அவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, தெளிவாக விழுந்த ஒரு நகலை மூலமாக எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொள்வது சித்தப்பாவின் வழக்கம். அப்புறம் வருகிற வருஷமெல்லாம் அதிலிருந்துதான் நகல் போகும். சட்டக் கட்டுக்குள் மூன்று தலைமுறை மாணவர்கள் போட்ட அடிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் அடிக்கோடு இல்லாத வரியே முக்கியமான வரி போலத் தெரியும். நர்சிங் கட்டுக்குள் இதயத்தின் படத்தின் மேல் யாரோ வைத்த டம்ளரின் வட்டக் கறை ஆறு வருஷமாக நகலாகிக்கொண்டு வந்தது. ஒருத்தி அந்த வட்டத்தையும் சேர்த்துப் பரீட்சையில் வரைந்து, அம்பு போட்டு, பெயர் தெரியாமல் கேள்விக்குறி வைத்துவிட்டு வந்தாளாம். சித்தப்பா இதைச் சொல்லாத நாள் கிடையாது. “என் கடை வழியா வராம ஒருத்தரும் பட்டம் வாங்க முடியாது” என்பார்.

நோட்ஸக்கா சமூகவியல் மூன்றாம் ஆண்டு. அவளுடைய குறிப்புகளை அவள் வகுப்பில் பாதிப் பேர் நம்பியிருந்ததால் அந்தப் பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றார்கள். கோடு போடாத தனித்தனித் தாள்களில் எழுதுவாள். வலது மூலையில் பக்க எண், அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். எழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எழுதியதுபோல.

எழுத்துகளை இவ்வளவு கவனிக்க எனக்குக் காரணம் இருந்தது. பிடித்த பகுதிகளை வீட்டில் ஒரு நோட்டில் எடுத்து எழுதுவேன். என் கையெழுத்தில் அல்ல, எழுதியவர் கையெழுத்தில். சட்டம் எழுதியவரின் கட்டைகுட்டையான எழுத்து, புள்ளியியல் எழுதியவரின் ஏழுக்கு நடுவே போட்ட கோடு எல்லாம் அப்படியே வரும். அப்படி எழுதும்போது அந்த வகுப்பில், அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நோட்டுகள் ஏழு ஆகியிருந்தன. பழந்துணிப் பெட்டியின் அடியில் கிடந்தன. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நோட்ஸக்கா ‘கல்வியும் சமூகமும்’ பாடத்தின் குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். சித்தப்பா சாப்பிடப் போயிருந்த நேரம். தாள்களை அடுக்கி மெஷினின் மேல்தட்டில் வைத்து ஓடவிட்டேன். நாற்பதுவரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு கரகரப்பு. நாற்பத்தொன்றாம் தாளை உருளைகள் கோணலாக இழுத்துக்கொண்டன. மெஷினை நிறுத்திவிட்டுத் திறந்து மெதுவாக எடுத்திருக்க வேண்டும். பதற்றத்தில் கையால் இழுத்தேன். தலைப்பும் இரண்டு வரியும் கைக்கு வந்தன; மீதி நார் நாராகக் கிழிந்து உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டது.

தலைப்பு: பள்ளி இடைநிற்றல். அதன் கீழே: ‘காரணத்தை யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். எடுத்துக்காட்டு:’ அவ்வளவுதான். எடுத்துக்காட்டு மெஷினுக்குள் போய்விட்டது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் கோபிக்கிறவள் அல்ல. அடுத்த நிமிஷமே திரும்ப எழுதிக் கொடுத்திருப்பாள். ஆனால் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். எழுதுவதற்கு வேண்டாம்.

அன்று இரவு வீட்டில், கடைசி நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். வலது மூலையில் நாற்பத்தொன்று, சுற்றி வட்டம். அந்த இரண்டு வரிகளை எழுதினேன். அதன் கீழே, பின்னால் சாய்ந்த அவள் எழுத்தில், அவள் கட்டுகளைப் படித்துப் படித்துப் பழகிய நடையில் எடுத்துக்காட்டை எழுதினேன். ஒரு சிறு நகரத்தில் நடந்த கள ஆய்வு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது அவளுக்குக் குரல் வரவில்லை. வருகிறவரை நில் என்றார்கள். ஆறு நாள் நின்றாள். ஏழாம் நாளிலிருந்து காலையில் சீருடை போட்டு, இரட்டைச் சடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் மாலை நாலரைவரை உட்கார்ந்திருந்தாள். முப்பத்திநாலு நாள். மழை வந்த நாளில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்தாள். பள்ளிப் பதிவேட்டில் எழுதப்பட்ட காரணம்: குடும்பச் சூழல். பெற்றோர் சொன்ன காரணம்: படிப்பில் விருப்பம் இல்லை. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

பக்கம் சரியாக நிரம்பிவிட்டது. நாற்பத்திரண்டாம் பக்கம் புதுத் தலைப்பில் தொடங்கியதால் ஒட்டுப்போட்டது தெரியவில்லை. மறுநாள் நோட்ஸக்கா தாள்களை எண் பார்த்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு போனாள். அந்த மாதம் அந்தக் கட்டு எழுபது நகல் போயிற்று. நானே எடுத்தேன், நானே கம்பி கோத்தேன். நாற்பத்தொன்று வரும்போதெல்லாம் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் அடுக்கினேன். அது பயம் மட்டும் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுபது பேர் பையில் ஏறி நானும் அந்தப் பின்வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

பரீட்சை முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மதியம் நோட்ஸக்கா வந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாள். சித்தப்பாவிடம்தான் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு விடைத்தாளில் ஒரே பெண், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. திருத்திய பேராசிரியர் முதலில் நல்ல மதிப்பெண்தான் போட்டிருக்கிறார். எந்த ஆய்வு இது, தானும் படிக்கலாமே என்று தேடியிருக்கிறார். எங்கும் இல்லை. மாணவர்களைக் கேட்டால் எல்லாரும் நோட்ஸக்கா நோட்ஸ் என்றிருக்கிறார்கள். அவளும் அதையேதான் பரீட்சையில் எழுதியிருந்தாள். இல்லாத ஆய்வை இருப்பதாக எழுதியது பெரிய குற்றமாம். அவளுக்கு வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்கான பரிந்துரைக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்ட பிறகும் பேராசிரியர் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் துறைத் தலைவர் முன்னால் விசாரணை.

“என் கையெழுத்துதான் அங்கிள். நான்தான் எழுதியிருக்கேன். எங்கேர்ந்து எடுத்தேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது. உங்க கடை நோட்ஸ் எதுலயாவது பார்த்திருப்பேன். தேடிப் பார்க்கட்டுமா?”

“தாராளமா பாரும்மா. இந்த வாயில்லாப்பூச்சிய வச்சுக்கோ. எந்தக் காகிதம் எந்தப் பொந்துல இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்.”

மூன்று மதியங்கள் தேடினோம். தரையில் பழைய செய்தித்தாள் விரித்து எதிரெதிராக உட்கார்ந்து, பெட்டி பெட்டியாக இறக்கினேன். கல்வியியல், உளவியல், குழந்தை வளர்ப்பு, மக்கள்தொகை, குடும்பச் சட்டம். அவள் ஒவ்வொரு தாளையும் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். நானும் ஓட்டினேன். இல்லாத ஒன்றை, இல்லையென்று தெரிந்தே, அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து தேடினேன். சில சமயம் எனக்கே மறந்துபோய் உண்மையாகத் தேட ஆரம்பித்துவிடுவேன். யாராவது, எங்காவது, அதை எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. ஏழு நோட்டில் கடைசி நோட்டை மறுநாளிலிருந்து என் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமை அப்படியே திருப்பிக் கொண்டுபோனேன். சொன்னால் சித்தப்பா என்னைக் கடையில் வைத்திருக்க மாட்டார். மூலத்தில் கைவைத்தவளை எந்தக் கடைக்காரர் வைத்துக்கொள்வார்? கடை இல்லையென்றால் திரும்பவும் வீடு, திரும்பவும் அந்தப் படிக்கட்டு.

செவ்வாய்க்கிழமை அவள் உளவியல் கட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்காமலே பேசினாள்.

“விவரம் ரொம்ப கச்சிதமா இருக்காம். அதனாலயே அது கட்டுக்கதைன்னு சார் சொல்றாரு. எனக்கு நேர்மாறாத்தான் தோணுது. தொட்டிக்கு அடியில போய் உக்காந்தாள்னு யாராலடி கற்பனை பண்ண முடியும்? அந்தப் பொண்ணு எங்கயோ இருக்கா.”

நான் குனிந்து ஒரு கட்டின் ஓரங்களைத் தட்டிச் சமன்படுத்தினேன். ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை கடைசிப் பெட்டி. அதில் மண்ணியல்தான் இருந்தது, இருந்தும் பார்த்தாள். களிமண், வண்டல், நீர் வடியும் வேகம் என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு மூடினாள். சித்தப்பா காகிதக் கட்டு வாங்கிவரக் கிளம்பினார். போகும்போது, “மண்ணைத் தோண்டியும் கெடைக்கலயா?” என்றார். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். அவர் போனதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் அவள் முகம் என் வயதுக்கு வந்துவிட்டது.

“நாளைக்கு ஒத்துக்கப் போறேன். நானே இட்டுக்கட்டி எழுதினேன்னு. ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் தள்ளி வைப்பாங்களாம், அவ்வளவுதான். இல்லைன்னு சாதிச்சா மொத்தமா போயிடுமாம்.” மண்ணியல் கட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். “ஒருவேளை நெஜமாவே நான்தான் இட்டுக்கட்டினேனோ என்னவோ. மூணு நாளா யோசிச்சு யோசிச்சு எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சிடுச்சு.”

சொல்லிவிட வாயைத் திறந்தேன். “அக்கா” என்பதுவரை வந்தது. அதற்குமேல் காற்றுதான் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள். வகுப்பில் காத்திருந்த மாதிரி இல்லை, ஆனாலும் வரவில்லை. எழுந்துபோய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன்.

பக்கத்தின் மேல்பாதியில் என் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. எந்தப் பள்ளி, எந்த வாசிப்புப் பாடம், நிற்கவைத்த ஆசிரியை கட்டியிருந்த கைக்கடிகாரம், படிக்கட்டின் எண்ணிக்கை, தேதி, கீழே என் முழுப் பெயர். கீழ்ப்பாதியில், தாளில் எழுதும் முன் பழகிப்பார்த்த அவளுடைய எழுத்துகள், பின்னால் சாய்ந்து வரிசையாக, வட்டத்துக்குள் நாலைந்து நாற்பத்தொன்றுகளோடு.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மேல்பாதியை ஒருமுறை. கீழ்ப்பாதியை வெகுநேரம். தன் கையெழுத்தின் மேலேயே விரலை வைத்து ஓட்டினாள்.

“படியில உக்காந்திருந்தது நீயா?”

தலையசைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. தலையசைப்பில் அதையும் சேர்க்க முடியுமா என்று இன்னொரு முறை அசைத்தேன்.

அவள் எழுந்தாள். நோட்டோடு மெஷின் பக்கம் போனாள். மூடியைத் தூக்கி, அந்தப் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, நோட்டின் முதுகு உடையாதபடி பார்த்து மூடியை இறக்கிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் ஒருமுறை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிற்று. முதல் தாள் வந்து விழுந்தது. அதை எடுத்தாள். மெஷின் நிற்கவில்லை. காலையில் புள்ளியியல் மாணவர்களுக்காக நான் போட்டுவைத்த அறுபது என்ற எண்ணிக்கை அப்படியே இருந்தது. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது.

நிறுத்தும் பொத்தான் எனக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. அவள் கையிலிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கவில்லை. பைக்குள் வைக்கவும் இல்லை. சூடு ஆறாத தாளை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்திருந்தாள்.

காகிதக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு சித்தப்பா உள்ளே வந்தார். “என்னம்மா, கெடச்சிடுச்சா?” என்று கேட்டுவிட்டு, ஓடுகிற மெஷினைப் பார்த்து, “இது யாரோட ஆர்டர்?” என்று தட்டின் பக்கம் குனிந்தார்.

நோட்ஸக்கா அவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். படியில் ஒரு கணம் நின்றாள். தெருவில் இரண்டு வண்டிகள் போகிறவரை காத்திருந்தாள். பிறகு தாளைக் காற்று அடித்துக்கொண்டு போகாதபடி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து பின்வாசலுக்குள் போனாள்.