இருபத்தேழாம் பத்தி

வல்லாரூ ஊரில் லாயிட் டிரெகன்சாவைத் தெரியாதவர்கள் உண்டு. தென்முனைத் தபால் சதுரங்க வட்டத்தில் கிடையாது. ஒரு காலத்தில் அட்டையில் நகர்வை எழுதி அனுப்பி ஆடிய கூட்டம் அது. இப்போது எல்லாம் இணையத்தில். பெயரில் மட்டும் தபால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நகர்வுக்கு ஐந்து நாள் அவகாசம். ஓர் ஆட்டம் முடிய ஆறு மாதம்கூட ஆகும்.

லாயிட் அங்கே வரவேற்புக் குழுவின் தலைவர். குழுவில் வேறு ஆள் கிடையாது. தப்பான இடத்தில் நிறுத்திய கார்களில் அபராதச் சீட்டு செருகும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வட்டத்தில் யாராவது புதிதாகச் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் அவருடைய கடிதம் போய் நிற்கும். மொத்தம் முப்பத்து நான்கு பத்திகள். சதுரங்கத்தின் மாண்பில் தொடங்கும். பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை, 1998இல் அவர் ஜீலாங் ஊர்க்காரர் ஒருவரை வென்ற கதை. முடிவில், "நம் உறவின் தொடக்கமாக என்னோடு ஒரு நட்பு ஆட்டம்" என்று அழைப்பு.

புதியவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். இரண்டு பத்தி படித்துவிட்டு ஆட்டத்துக்குச் சம்மதிப்பார்கள். நாலு நகர்வு ஆடுவார்கள். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கூரை ஒழுகும், ஒரு வாரம் ஓடிவிடும். திரும்பி வந்து பார்த்தால் தோல்வி. ஐந்து நாளைத் தாண்டினால் ஆட்டம் போய்விடும், நட்பு ஆட்டத்திலும் தரப்புள்ளி குறையும் என்ற விஷயங்கள் இருபத்தேழாம் பத்தியில், வட்டத்தின் சின்னமான கறுப்பு அன்னத்தை வர்ணிக்கும் இடத்தில் ஒளிந்திருந்தன.

இப்படியே ஒன்பது வருஷத்தில் லாயிட் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு ஏறிவிட்டார். இதைத் தந்திரம் என்று அவர் நினைத்ததே இல்லை. தன் ஆட்டத்தின் பளுவைத் தாங்க முடியாமல்தான் எதிராளிகள் காணாமல் போகிறார்கள் என்று மனதார நம்பினார்.

"பெர்த்துக்காரனும் ஓடிட்டான்," என்றார் மனைவி மார்லீனிடம். "என் யானையப் பார்த்ததும் வெலவெலத்துட்டான்."

"உன் கடுதாசியப் பார்த்து ஓடியிருப்பான். அதைப் படிக்கிறதுக்குப் பல்லப் புடுங்கிக்கலாம்."

மார்ச் மாதத்தில் டானிகா வுகோவிச் வட்டத்தில் வந்து சேர்ந்தாள். நல்லர்போர் சமவெளியில், லாரிகள் டீசலுக்கு நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரி. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அவளுக்கு ஈக்கள்தான் துணை. எனவே கடிதத்தை முழுக்கப் படித்தாள். பிறகு இன்னொரு தடவையும் படித்தாள்.

"தலைவரே," என்று எழுதினாள், "இருபத்தேழாம் பத்தியில அன்னத்தோட கழுத்துக்கும் காலுக்கும் நடுவுல ஒரு கடிகாரம் ஓடுதே, அத ஏன் முதல் வரியில போடல?"

"புதுசா வர்றவங்க முதல்ல மரபைத் தெரிஞ்சுக்கணும்மா. விதியெல்லாம் தானா வரும்."

"வருது தலைவரே, தோத்துட்டேங்கிற அறிவிப்பா வருது. உங்க பட்டியலப் பார்த்தேன். நூத்தி நாப்பது வெற்றி. அதுல நூத்தி முப்பத்தொண்ணு நேரம் முடிஞ்சு வந்தது. அதுலயும் ஒருத்தர் செத்தே போயிட்டாரு."

லாயிட் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் போட்டார்: "சாகும்போதே அவருக்கு ஒரு குதிரை குறைச்சல்."

டானிகா மேற்கொண்டு வாதாடவில்லை. அன்று மதியமே எல்லோரும் பார்க்கும் அறிவிப்புப் பக்கத்தில் நாலு வரி எழுதினாள். "புதுசா வந்தவங்களே, வாங்க. ஒரு நகர்வுக்கு அஞ்சு நாள், தாண்டினா ஆட்டம் போச்சு. வேலை வந்துட்டா விடுப்புப் பொத்தான அமுக்குங்க, கடிகாரம் நிக்கும். லாயிட் நல்ல மனுஷன்தான், ஆனா அவரோட நட்புக்குப் புள்ளி போகும்."

அப்போது லாயிட் கையில் இருபத்தாறு ஆட்டங்கள் இருந்தன. முக்கால்வாசி தூங்கிக்கொண்டிருந்தவை. இரண்டு நாளில் எல்லாம் விழித்துக்கொண்டன. எதிராளி எப்படியும் வரமாட்டான் என்று அவர் காய்களைக் கை போன இடத்தில் வைத்திருந்தார். டவுன்ஸ்வில்லில் முடிவெட்டும் ஒருவன் காலையில் அவருடைய ராணியை எடுத்துக்கொண்டான். மதியத்துக்குள் இன்னும் இரண்டு ராணிகள் போயின.

லாயிட் வட்டத்தின் செயலாளர் கில்கிரிஸ்டைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கட்டுப்பாடே கெட்டுப்போச்சு. அந்தப் பொம்பள அனுமதி இல்லாம எல்லாரையும் வரவேற்கிறா!"

"வாங்கன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா அனுமதி? இந்த மாசம் சேர்ந்த பதினோரு பேரும் இன்னும் ஆடிட்டிருக்காங்க. முன்னெல்லாம் வருஷத்துக்கு நாலு பேர் தங்கினா பெருசு. சதுரங்கத்துக்கே மவுசு போச்சுன்னு நாங்க கூட்டம் போட்டு வருத்தப்பட்டோம், தெரியுமா?"

"என் கடிதம்?"

"வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கு. அங்க போட்டுடறேன். யாரும் கை வைக்கமாட்டாங்க."

லாயிட் பன்னிரண்டு பத்தியில் ராஜினாமா எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். ஒரே ஒரு பதில் வந்தது, டானிகாவிடமிருந்து. "சரி தலைவரே. நீங்க நகர்த்தவேண்டிய ஆட்டம் பத்தொன்பது இருக்கு."

ஜூலைக்குள் பதினெட்டு ஆட்டங்களில் தோற்று அறுபத்து மூன்றாம் இடத்துக்கு வந்தார். வட்டத்தைவிட்டே போய்விடுவேன் என்று மார்லீனிடம் தினமும் சொன்னார். "எப்போ?" என்று அவளும் தினமும் கேட்டாள். ஆனால் பண்டபெர்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணுடன் ஆடிய ஆட்டம் மட்டும் அவரை விடவில்லை. அவருக்கு ஒரு சிப்பாய் குறைவு. இருந்தும் எங்கேயோ வழி இருப்பதுபோல் பட்டது. பரணில் கிடந்த மரச் சதுரங்கப் பலகையை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று நாள், நாலு நாள் என்று உட்கார்ந்து யோசித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி யோசித்ததில்லை.

ஐம்பத்திரண்டாவது நகர்வில் ஆட்டம் சமனாக முடிந்தது. "நல்லா ஆடினீங்க சார், தப்பிச்சிட்டீங்க," என்று அந்தப் பெண் எழுதினாள். லாயிட் அதை நாலு தடவை படித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புக் குப்பியை ராஜாவாகவும் மிளகுக் குப்பியை யானையாகவும் வைத்து முதல் நகர்விலிருந்து சொல்ல ஆரம்பித்தார். முப்பதாவது நகர்வு வரும்போது மார்லீன் தன் தட்டைக் காலி செய்திருந்தாள்.

"சொல்லு, சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்று அவருடைய தட்டிலிருந்த ஆட்டுக்கறித் துண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.