இரண்டு விரல் இறுக்கம்

தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருட பிளம்பர். அப்படிப்பட்டவனின் சொந்தக் கார், புதிதாக சிமெண்டு பூசிய வாசலில் மூன்று மாதமாக ஆயில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் இருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு சமாளித்துவிடலாம். காரை எதைப் போட்டு மூடுவது?

ஞாயிறு காலை மாடியிலிருந்து வீட்டு ஓனர் இறங்கி வந்தார். ரிட்டயர்டு ஆபீசர். கறையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவேன். ஒரு சொட்டு இருந்தாலும் நாளையிலேர்ந்து வண்டி உள்ள நிக்கக்கூடாது."

வெளியே நிறுத்தலாம் என்றால் தெருவே ஒரு கார் அகலம்தான். வண்டி போனால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அவன் ஸ்கூட்டரிலேயே உலகம் சுற்றுகிறவன். அடி விழுவது அவன் மனைவியின் தொழிலுக்கு. அவள் திரைச்சீலை தைப்பவள். பின்சீட்டை மடக்கி, கம்பிகளையும் சீலைகளையும் அடுக்கி, தானே ஓட்டிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவாள். மறுநாள் காலை ஒரு ஆஸ்பத்திரியில் நாற்பது திரை மாட்ட வேண்டும்.

"அஞ்சு எதுக்கு சார், நாலுக்கே வாங்க, டீ குடிக்கலாம்" என்றான் அவன்.

மனைவியின் தம்பி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"மாமா, எனக்குத் தெரிஞ்ச பழைய இரும்புக்காரர் ஒருத்தர் இருக்கார். உங்களையும் சேர்த்தே எடுத்துக்குவார்."

"முதல்ல உன்னைக் குடுத்துப் பாக்கறேன் மாப்ள. வாளியோட."

மூன்று மாதமாக அவன் செய்த வைத்தியம் ஒன்றேதான். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே இருந்த போல்ட்டுகளை வாராவாரம் இறுக்கினான். ஒழுகினால் இறுக்கு, அதுதான் அவனுடைய மொத்தப் படிப்பு. அவன் இறுக்கிய குழாயைத் திறக்க அடுத்த தலைமுறைதான் வர வேண்டும். வீட்டில் ஊறுகாய் ஜாடியிலிருந்து ஃபிளாஸ்க் வரை அவன் மூடியதை அவனே வந்து திறந்தால்தான் உண்டு.

சுவர் ஈரமாக இருக்கிற இடத்தில்தான் குழாய் ஓட்டை என்று நம்பும் வாடிக்கையாளர்களை அவன் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறான். அதே கிண்டலை இப்போது தனக்குத் தானே ஒரு முறை செய்துகொண்டு, என்ஜினை மண்ணெண்ணெய்த் துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தான். காய்ந்ததும் மனைவியின் முகப் பவுடரை எடுத்து வந்து என்ஜின் முழுக்கத் தூவினான்.

"கல்யாணத்துல எனக்குக்கூட இவ்ளோ போடல" என்றாள் அவள்.

பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டார்கள். வெள்ளையில் ஒரு பழுப்புக் கோடு மெதுவாக இறங்கியது. புறப்பட்ட இடம் என்ஜினின் மேல் மூடி, பின்பக்க மூலை. அங்கிருந்து வழிந்து, அடியில் வந்து சொட்டியிருக்கிறது.

தம்பி வாளியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தான். "அந்த மூடிய யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க மாமா. போல்ட் தலையெல்லாம் பளபளன்னு தேஞ்சிருக்கு."

யாரோ இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அதைத் திறந்து, ஆயில் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டை மாற்றியதே அவன்தான். கழற்றிப் பார்த்தான். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட், அவன் இறுக்கிய இறுக்கில் மூலையில் பிதுங்கிக் கிழிந்திருந்தது.

கிழிந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"என் கைதான்" என்றான் அவன்.

"கை நல்ல கைதான்" என்றாள் அவள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

தம்பி போய்ப் புதுக் கேஸ்கெட் வாங்கி வந்தான். பிளம்பர் அதைச் சொருகி, மூடியை வைத்து, பெரிய ஸ்பேனரை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கித் தையல் மிஷின் டிராயரில் போட்டாள். பதிலுக்கு ஒரு சின்ன ஸ்பேனரை நீட்டினாள்.

"ரெண்டு விரல். அதுக்கு மேல ஒரு விரல் சேர்ந்தாலும் நான் பாத்துடுவேன்."

துணி வெட்டும் சாக்குக்கட்டியால் எட்டு போல்ட்டின் தலையிலும் எண் போட்டாள். நடுவில் ஒன்று, எதிரே இரண்டு, பிறகு குறுக்கே, குறுக்கே, ஓரம் வரை. "துணிக்கு குண்டூசி குத்தறதும் இப்படித்தான். ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா மறு ஓரத்துல சுருக்கம் வந்து நிக்கும்." அவள் எண் சொன்னாள், அவன் இரண்டு விரலால் திருகினான். மூன்றாவது விரல் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பையன் போலத் தவித்தது.

நாலு மணிக்கு ஓனர் வந்தார். தரையில் இரண்டு மீட்டர் வெள்ளை லைனிங் துணி விரித்திருந்தது. துணியை இடையில் யாரும் மாற்றிவிடக்கூடாது என்று அவர் சாக்குக்கட்டி வாங்கி மூலையில் கையெழுத்தும் நேரமும் போட்டார்.

அவளே வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று தெரு சுற்றி வந்து துணிமேல் நிறுத்தினாள். ஒரு மணி நேரம். அவன் டீ குடித்தான், டிராயரைப் பார்த்தான். இன்னொரு கால் சுற்று சுற்றியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டிராயருக்கு முன்னால் அவள் உட்கார்ந்து திரைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். ஓனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, துணியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஃபைல் படிப்பதுபோலப் படித்தார். டயர் தடம் இருந்தது. அவருடைய கையெழுத்து இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நிக்கட்டும்" என்றார்.

"சார், உங்க கையெழுத்து போட்ட துணி. வீட்டை எங்க பேருக்கு மாத்த இது செல்லுமா?" என்றான் தம்பி.

"அதுக்கு நாலு மூலையிலயும் வேணும்" என்று சொல்லிவிட்டு ஓனர் படியேறினார். பாதிப் படியில் நின்று, "மேல பாத்ரூம் குழாய் ஒண்ணு ரெண்டு வாரமா சொட்டுது. நேரம் இருந்தா பாருங்க" என்றார்.

அவள் திரைச்சீலைகளைப் பின்சீட்டில் அடுக்கினாள். காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை நிரப்பி அவனிடம் நீட்டினாள். "மூடுங்க. ஆஸ்பத்திரியில போய் இதைத் திறக்க நான் நர்ஸைக் கூப்பிட முடியாது."

இரண்டு விரலால் மூடினான். பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையை அடியில் பிடித்தான். சொட்டவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மூன்றாவது விரல் மெல்ல மூடிமேல் ஏறியது.

"எடுங்க" என்றாள், திரும்பாமலேயே.